பருத்தி நோய் ஆராய்ச்சி எங்கள் சீக்கு நிலத்துக்கும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மத்திய அரசு 2025 பட்ஜெட்டில் பருத்தி விளைச்சலைக் கூட்ட 5 ஆண்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தது. அந்த ஆண்டு ஜூலையில் கோவையில் அதற்கென்று பெரிய கூட்டமும் நடந்தது. அதிலிருந்து பத்திரிகைகளில் பருத்தியைப் பற்றி ஏதாவது வந்தபடி இருக்கிறது. அடர் நடவு, நீள இழைப் பஞ்சு, எடுப்பு இயந்திரம், இறக்குமதி வரி என்று பலரும் பலதும் சொல்கிறார்கள். சொல்லட்டும், எல்லாம் வேண்டியதுதான். ஆனால் நோயைப் பற்றி ஒரு வரி வந்தால் அதிகம். காய்ப்புழுவுக்குக் கிடைக்கிற கவனத்தில் கால்வாசிகூட வாடலுக்கும் அழுகலுக்கும் கிடைப்பதில்லை. புழு கண்ணுக்குத் தெரிகிறது, அதை விரலால் நசுக்கிக் காட்டலாம். நோய் மண்ணுக்குள் இருக்கிறது. அதற்கு ஆராய்ச்சியாளர்களும் விவசாயிகளும் சேர்ந்து செய்கிற கூட்டு ஆராய்ச்சி வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் வட்டத்தில் பருத்தி வைக்கிறவன். மானாவாரிக் கரிசல். புரட்டாசி மழையை நம்பி விதைப்பு, தை பிறந்து எடுப்பு. ஒரு வருஷம் மக்காச்சோளம், மறு வருஷம் பருத்தி என்று மாற்றி மாற்றிப் போடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். மாவட்டமே இந்த இரண்டையும் நம்பித்தான் இருக்கிறது, கூட கொஞ்சம் சின்ன வெங்காயம்.

என் நிலத்தின் தென்மேற்கு மூலையில் ஒரு சீக்கு இருக்கிறது. சப்பை வைத்து, பூப்பூத்து, காய் திரள்கிற நேரத்தில் அங்கே நாலைந்து செடிகள் தலை தொங்கும். அடுத்த வாரம் அதைச் சுற்றி இன்னும் கொஞ்சம். வட்டம் போட்டதுபோல் பரவும். வாடிய செடியைப் பிடித்து இழுத்தால் சிரமமே இல்லாமல் கையோடு வந்துவிடும். பக்க வேர் ஒன்றும் இருக்காது, ஆணிவேர் மட்டும் நிற்கும். அதன் பட்டை நார் நாராக உரிந்து, தொட்டால் பிசுபிசுவென்று இருக்கும். இது வேரழுகல். நல்ல செடியைப் பிடுங்க இரண்டு கையும் வேண்டும், உள்ளங்கை சிவந்துவிடும். இதற்கு இரண்டு விரல் போதும்.

இதைப் பார்த்துவிட்டு எல்லா வாடலும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. கோவைப் பக்கம் குளிர் மாதங்களில் வெர்டிசிலியம் என்ற பூஞ்சாணத்தால் வருகிற வாடல் வேறு. அதில் நரம்புகளுக்கு நடுவே இலை மஞ்சளாகிப் பிறகு கருகும். தண்டை நீளவாக்கில் கத்தியால் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடுகள் ஓடும். மூன்றாவதாக ஒன்று உண்டு, திடீர் வாடல். பல நாள் காய்ச்சலுக்குப் பிறகு ஒரே கொட்டாக மழை கொட்டி, கரிசலில் தண்ணீர் நின்று, மறுநாளே சுள்ளென்று வெயில் அடித்தால் இது வரும். அதுவும் நிறையக் காய் பிடித்த செடிதான் முதலில் சாயும். தண்டைப் பிளந்து பார்த்தால் வெள்ளை வெளேரென்று சுத்தமாக இருக்கும். பூஞ்சாணமும் இல்லை, கிருமியும் இல்லை, வேர் மூச்சுத் திணறியதுதான் காரணம். இதற்கு மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் வைத்தியம் கோபால்ட் குளோரைடு, லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லிகிராம். வாடத் தொடங்கிய சில மணி நேரத்துக்குள் தெளிக்க வேண்டும். எந்த ஊர் மருந்துக் கடையில் அது கிடைக்கிறது என்று தெரிந்தவர்கள் எனக்கும் சொல்லுங்கள்.

ஆக, தூரத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே தொங்கல், கிட்டத்தில் மூன்றும் மூன்று வியாதி. ஒன்றுக்குக் கொடுக்கிற மருந்து இன்னொன்றுக்குத் தண்டச் செலவு. இதைப் பிரித்துச் சொல்ல எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? மருந்துக் கடைக்காரர்தான். அவரைக் குறை சொல்லவில்லை, கடனுக்குக் கொடுக்கிற மனுஷர். ஆனால் செடியைப் பிளந்து பார்க்க அவருக்கு நேரமில்லை. "வாடுதா? சரி" என்று ஒரு பூஞ்சாணக் கொல்லி, ஒரு பூச்சி மருந்து, ஒரு டானிக், மூன்றையும் சேர்த்துக் கொடுத்து "டேங்குக்கு இவ்வளவு" என்பார். வேரில் இருக்கிற நோய்க்கு இலையில் தெளித்துவிட்டு வருவோம். திடீர் வாடலாக இருந்தால் சில செடிகள் தானாகவே தளிர்த்துவிடும். மருந்துதான் காப்பாற்றியது என்று அடுத்த வருஷமும் அதையே வாங்குவோம்.

இனி, நான் கேட்கிற கூட்டு ஆராய்ச்சிக்கு வருகிறேன். இதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும். நம் ஊரில் தொடங்கிப் பாகிஸ்தானுக்குப் போய், அமெரிக்கா சுற்றி வருகிற கதை.

என் அப்பா காலத்தில் எங்கள் நிலத்தில் எல்.ஆர்.ஏ. 5166 என்ற ரகம்தான். கோவையில் உள்ள மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையத்தில் உருவான ரகம், 1980-களின் தொடக்கத்தில் வெளிவந்தது. லட்சுமி, ரீபா, ஏ.சி. 122 என்று மூன்றைக் கலந்து எடுத்ததால் அந்தப் பெயர். மானாவாரிக்கு நன்றாகத் தாங்கும் என்று அப்பா அதை விடவே மாட்டார்.

அதே காலத்தில் பாகிஸ்தான் பஞ்சாபில் இலைச்சுருட்டு வைரஸ் பரவிக்கொண்டிருந்தது. 1967-இல் முல்தான் பக்கம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்த நோய், வெள்ளை ஈ மூலம் 1990-களின் தொடக்கத்தில் நாட்டையே பிடித்துக்கொண்டது. 1991-92இல் சுமார் 128 லட்சம் பேல் (பஞ்சுப் பொதி) எடுத்த நாடு இரண்டே வருஷத்தில் 80 லட்சம் பேலுக்கு இறங்கியது. 1993-இல் எல்லை தாண்டி நம் ராஜஸ்தானின் ஸ்ரீகங்காநகர் பக்கமும் வந்துவிட்டது. அப்போது பாகிஸ்தான் விஞ்ஞானிகள் கையில் இருந்த எல்லா விதைகளையும் நோய் அடிக்கிற நிலத்தில் போட்டுப் பார்த்தார்கள். தாங்கி நின்றவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் ஒன்று எங்கள் அப்பாவின் எல்.ஆர்.ஏ. 5166! அங்கே பின்னால் வந்த நோய்தாங்கும் ரகங்கள் சிலவற்றில் அதன் ரத்தம் இருக்கிறது. கோவையில் அதை உருவாக்கியவர்கள் இலைச்சுருட்டை மனதில் வைத்து உருவாக்கவில்லை. தெற்கே அந்த நோயே பெரிதாக இல்லை. நோய் உள்ள மண்ணில் போய் நின்றபோதுதான் அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தது.

கதை அதோடு முடியவில்லை. 2001-02 வாக்கில் பாகிஸ்தானின் புரேவாலா என்ற ஊர்ப் பக்கம் வைரஸ் புது வேஷம் போட்டது. பழைய இரண்டு வைரஸ்களின் துண்டுகள் ஒட்டிப் பிறந்த புது வகை அது. தாங்கிக்கொண்டிருந்த ரகங்கள் எல்லாம் மறுபடி சுருண்டன. அதற்குப் பிறகுதான் அமெரிக்க வேளாண் துறை, இக்கார்டா என்ற சர்வதேச ஆராய்ச்சி மையம், பாகிஸ்தானின் பருத்தி நிலையங்கள் மூன்றும் சேர்ந்து ஒரு வேலையை எடுத்தன. அமெரிக்க விதைச் சேமிப்பில் கிடந்த ஆயிரக்கணக்கான பருத்தி வகைகளைக் கொண்டுவந்து பாகிஸ்தானில் நோய் மும்முரமாக இருக்கிற நிலங்களில் விதைத்தார்கள். கிட்டத்தட்ட எல்லாமே நோயில் விழுந்தன. விழாமல் நின்ற மிகச் சிலவற்றில் மேக் 07 என்ற ஒன்று பேர் பெற்றது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், இது தர்ம காரியம் இல்லை என்பதுதான். அமெரிக்காவில் விதை இருந்தது, நோய் இல்லை. பாகிஸ்தானில் நோய் இருந்தது, அவ்வளவு விதை இல்லை. அந்த நோய் என்றைக்காவது தன் கரைக்கும் வந்துவிடும் என்ற பயம் அமெரிக்காவுக்கு இருந்தது. அவரவர் தேவைக்காகத்தான் கூட்டுச் சேர்ந்தார்கள். நோய் பிடித்த வயலைச் சொத்தாக மதித்த கூட்டு அது.

நம் நாட்டில் இப்படிப்பட்ட அமைப்பு இல்லாமல் இல்லை. அகில இந்தியப் பருத்தி மேம்பாட்டுத் திட்டம் 1967-இலேயே கோவையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. எம்.சி.யு. 5 ரகத்துக்கு வாடல் வந்தபோது அதிலிருந்தே வெர்டிசிலியத்தைத் தாங்குகிறதைப் பிரித்து எம்.சி.யு. 5 வி.டி. கொடுத்தார்கள், பின்னால் சுரபி என்ற ரகம் வந்தது. திருவில்லிபுத்தூரில் நிலையம் இருக்கிறது, எங்கள் மாவட்டத்திலேயே வேப்பந்தட்டையில் இருக்கிறது. ஆள் இல்லை, அறிவு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. குறை எங்கே என்றால், எங்களைப் பார்வையாளராக உட்கார வைத்திருப்பதில்தான்.

சில வருஷத்துக்கு முன் வெளியூரிலிருந்து ஒரு குழு வந்தது. எந்த நிறுவனம் என்று எழுத விருப்பமில்லை, வந்த பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். விதை நேர்த்திக்கு ஒரு நுண்ணுயிர் மருந்தைச் சோதிக்க வேண்டும், நிலம் வேண்டும் என்றார்கள். நான் அந்தத் தென்மேற்கு மூலையைக் காட்டினேன். "அது வேண்டாம் ஐயா, அங்கே பயிர் சீராக இருக்காது" என்று சொல்லிவிட்டு, ரோட்டோரம் இருக்கிற நல்ல துண்டைக் கேட்டார்கள். போர்டு நட்டார்கள். இரண்டு மூன்று தடவை வந்து அளந்தார்கள், படம் எடுத்தார்கள். எடுப்பு முடிந்ததும் போர்டு நின்றது, ஆட்கள் வரவில்லை. மருந்து வேலை செய்ததா இல்லையா என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. போன் போட்டால், அறிக்கை மேலே போயிருக்கிறது என்றார்கள். மேலே போனது கீழே இறங்கவில்லை.

நோய்க்கு மருந்து சோதிக்க நோயில்லாத துண்டைத் தேர்ந்தெடுத்தால் என்ன தெரியும்? சீரான பயிர் வேண்டும், கணக்குப் போட வசதி வேண்டும் என்கிற அவர்கள் பக்கமும் எனக்குப் புரிகிறது. ஆராய்ச்சி நிலையங்களிலேயே நோய் மண்ணாக வளர்த்து வைத்திருக்கிற பாத்திகள் இருக்கின்றன, அங்கே சோதிக்கலாம் என்பார்கள். சரி. ஆனால் அந்தப் பாத்தி தண்ணீர் பாய்கிற பாத்தி. என்னுடையது மழை பொய்த்தால் விரல் நுழைகிற அளவு வெடிக்கிற கரிசல். இரண்டிலும் வேரழுகல் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா? பெரம்பலூர், அரியலூர், விருதுநகர், தூத்துக்குடி என்று மானாவாரி மாவட்டங்களில் ஒவ்வொரு வட்டத்திலும் சில சீக்குத் துண்டுகளை விவசாயிகளிடமே குத்தகைக்கு எடுங்கள். விளைச்சல் போனால் அதற்கு ஈடு கொடுங்கள். புதிதாக வரும் ரகம் எதுவானாலும் முதலில் அங்கே ஒரு சால் ஓடட்டும்.

இன்னொரு விஷயம், நான் படித்துத் தெரிந்துகொண்டது. பருத்தியில் வேரழுகலைக் கொண்டுவரும் மேக்ரோபோமினா என்ற பூஞ்சாணமே மக்காச்சோளத்தின் தண்டையும் அழுக வைக்கிறது. பிளந்தால் உள்ளே கரித்தூள் தூவியதுபோல் கருப்புப் புள்ளிகள் தெரியும். அந்தப் புள்ளிகள்தான் அதன் விதை, மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். அப்படியென்றால் பயிர் மாற்றுகிறோம் என்று நாங்கள் மக்காச்சோளம் போடுவது நோய்க்கு நடுவில் சாப்பாடு போடுகிற வேலையாக இருக்குமோ? ஊடுபயிராகப் போடச் சொல்கிற உளுந்திலும் அதே பூஞ்சாணம் வேரைப் பிடிக்கிறது. ஆனால் பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபில், தரையை மூடிப் படர்கிற ஒரு பயறு வகையைப் பருத்திக்கு நடுவே போட்டு, மண்ணின் சூட்டைக் குறைத்து வேரழுகலை அடக்கிக் காட்டியிருக்கிறார்கள். அப்போது எங்கள் கரிசலுக்கு எந்தப் பயறு நல்லது, எது ஆபத்து? இதைப் பருத்தித் துறை மட்டும் சொல்ல முடியாது. மக்காச்சோளத் துறை, பயறுத் துறை, நோயியல் துறை, மண்ணியல் துறை எல்லாம் ஒரே வயலில் வந்து நிற்க வேண்டும். துறைகள் தனித்தனிக் கட்டடத்தில் இருக்கின்றன. பூஞ்சாணத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

நாடு விட்டு நாடு போவதற்கு முன் இந்தக் கட்டடம் விட்டுக் கட்டடம் போகிற கூட்டு ஆராய்ச்சியைத் தொடங்கினால் எங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

அண்டை மாநிலத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு அனந்தபூரில் நிலக்கடலை குருத்துக் கருகி லட்சக்கணக்கான ஏக்கரில் போனது. ஹைதராபாத் பக்கத்தில் உள்ள இக்ரிசாட் என்ற சர்வதேச ஆராய்ச்சி மையமும் ஆந்திராவின் வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து தேடியபோது, அது புகையிலைக் கீற்று வைரஸ் என்றும், பார்த்தீனியப் பூவின் மகரந்தத்தில் இருந்து இலைப்பேன் மூலம் கடலைக்கு வருகிறது என்றும் தெரிந்தது. அந்த வைரஸ் பருத்தியையும் விடுவதில்லை. அதன் தடுப்பு மருந்துக் கடையில் இல்லை, வரப்பில் இருக்கிறது. பார்த்தீனியம் பூக்கும் முன் பிடுங்க வேண்டும், அதுவும் என் வரப்பில் மட்டும் பிடுங்கிப் பயனில்லை, ஊரே பிடுங்க வேண்டும். பஞ்சாயத்துத் தலைவரும் நூறு நாள் வேலைக்காரர்களும்கூட இந்த ஆராய்ச்சியில் கூட்டாளிகள் ஆகிவிடுகிறார்கள் பாருங்கள்.

விதைப் பாக்கெட் பற்றியும் ஒரு வார்த்தை. 475 கிராம் பாக்கெட் வாங்குகிறோம். மேலே வெடித்த காய் படம் பளிச்சென்று இருக்கும், பின்னால் முளைப்புத் திறன், இனத் தூய்மை, காலாவதி நாள். எந்த நோயைத் தாங்கும், எந்த நோயில் விழும் என்று நான் வாங்கிய எந்தப் பாக்கெட்டிலும் பார்த்ததில்லை. இந்தத் தகவல் இல்லாத தகவல் இல்லை. அகில இந்தியத் திட்டத்தில் பல ஊர்களில் ரகங்களை விதைத்து, பாக்டீரியா கருகல், ஆல்டர்நேரியா இலைப்புள்ளி, சாம்பல் நோய் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். வருஷா வருஷம் அறிக்கை வருகிறது, ஆங்கிலத்தில், பல நூறு பக்கத்தில். அதிலிருந்து எங்கள் மாவட்டத்துக்கு வேண்டிய நாலு வரியைத் தமிழில் எடுத்து, விதை வாங்குகிற ஆடி, ஆவணி மாதத்தில் ஒவ்வொரு விதைக் கடை வாசலிலும் ஒட்டச் சொல்லுங்கள். இதற்குப் பெரிய செலவா ஆகும்?

பஞ்சாலைக்காரர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. நல்ல பஞ்சு உள்ளூரில் கிடைக்கவில்லை என்பது அவர்கள் வருத்தம். கடைசி மழையில் காய் அழுகி, பாதி வெடித்துப் பழுப்பேறினால் எங்கள் பருத்தி ஏலத்தில் கொட்டு ரகமாக, அதாவது கழிவுப் பருத்தியாகப் போகிறது. 2025-26இல் நீள இழைக்கு ஆதார விலை குவிண்டால் 8,110 ரூபாய். கொட்டுக்கு அதில் பாதிக்கும் கீழே கேட்கிற நாள் உண்டு. எடுக்கிற பெண்களுக்குக் கூலி மட்டும் ஒன்றுதான், இன்னும் சொன்னால் அழுகின காயிலிருந்து பிய்த்து எடுக்க நேரம் கூடத்தான் ஆகும். இப்போது பேசுகிற அடர் நடவில் செடி நெருங்கி, காற்றோட்டம் குறைந்து இந்தக் காய் அழுகல் கூடுமா குறையுமா என்று எங்கள் பக்கத்து வடகிழக்குப் பருவமழையில் பார்த்த பிறகு பரிந்துரை செய்தால் நல்லது. தென்னிந்தியப் பஞ்சாலைகள் சங்கம் பருத்தி வளர்ச்சிக்கென்று தனி அமைப்பே வைத்திருக்கிறது. நோய்வயல் சோதனைக்கு அவர்களும் ஒரு பங்கு போடலாம், பலன் அவர்கள் நூலிலும் தெரியும்.

எங்கள் மேலும் வேலை இருக்கிறது, மறுக்கவில்லை. எடுப்பு முடிந்ததும் பருத்தி மாறை, அதாவது காய்ந்த செடியைப் பிடுங்காமல் ஆடு மேயட்டும் என்று சித்திரை வரை விட்டுவிடுகிறோம். நோயும் புழுவும் அதிலேயே குடும்பம் நடத்துகின்றன. கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா என்ற நுண்ணுயிர் மருந்தைக் கலந்து விதைக்கச் சொன்னால், பாக்கெட் விதைதான் ஏற்கெனவே கலர் மருந்து பூசி வருகிறதே என்று விட்டுவிடுகிறோம். அந்தக் கலர் பூஞ்சாணக் கொல்லி இருக்கும்போது மேலே டிரைக்கோடெர்மா கலந்தால் அது பிழைக்குமா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சாணம்தானே. இதுகூட ஒரு நல்ல ஆராய்ச்சிக் கேள்விதான்.

ஆராய்ச்சி என்றால் எல்லாம் ஜெயிக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. தோற்றதையும் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். "உங்கள் நிலத்தில் இந்த மருந்து வேலை செய்யவில்லை" என்று ஒரு போஸ்ட் கார்டு வந்தால் அந்த மருந்துக்குச் செலவழிக்கிற காசு எனக்கு மிச்சம். நிலம் கொடுத்தவனுக்கு முடிவைத் தமிழில் எழுதித் தருவது ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். புதுத் திட்டத்தின் விதிமுறைகளில் இந்த ஒரு வரியைச் சேர்க்க உங்கள் நாளிதழ் குரல் கொடுத்தால் உதவியாக இருக்கும்.

என் தென்மேற்கு மூலை அரை ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. வரும் புரட்டாசியில் அதை எந்த ஆராய்ச்சி நிலையத்துக்கும் குத்தகை இல்லாமல் கொடுக்கத் தயார். பாதை இருக்கிறது, டிராக்டர் போகும். தண்ணீர் வசதி கிடையாது, கேட்கவும் வேண்டாம். வர விரும்புகிறவர்கள் மழைக்கு முன் வந்து மண் எடுத்துக்கொள்ளட்டும். என் பெயரும் தொலைபேசி எண்ணும் உங்களுக்குத் தனித்தாளில் அனுப்பியிருக்கிறேன். விசாரிக்கிறவர்களுக்குக் கொடுக்கலாம், பத்திரிகையில் போட வேண்டாம்.

இப்படிக்கு,
பருத்தி விவசாயி ஒருவர்,
குன்னம் வட்டம், பெரம்பலூர் மாவட்டம்.